துவாஸில் நான் பார்த்த கடல், இப்போது கரை

மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். புவியியல் பாடத்துக்குச் செயற்கைக்கோள் படம் வேண்டுமாம். நான் ஒருமுறை காசு கட்டி இதற்கென்றே ஒரு நாள் பயிற்சிக்குப் போனவன். காலையிலிருந்து மாலை வரை ஸ்லைடு மட்டும் ஓட்டினார்கள். ஒரு படத்தையும் நாமே திறந்து பார்க்கவில்லை. அதனால் இந்த முறை கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இலவச இணையத்தளம். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் அதில் இருக்கின்றன. சும்மா பார்ப்பதற்குக் கணக்குத் திறக்கக்கூடத் தேவையில்லை.

நான் முதலில் தேடியது சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸை. அங்கே துறைமுகத்துக்காகக் கடலை நிரப்பி நிலமாக்கும் நிலமீட்பு நடந்தபோது சில வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். 2016 படத்தில் அந்த இடம் பெரும்பாலும் கடல்தான். தேதியை 2022க்கு மாற்றினால் கை விரல்களை நீட்டியதுபோல நிலம். முதல் கட்டத்துக்கு மட்டும் கைசன் எனப்படும் பிரம்மாண்டக் கான்கிரீட் பெட்டிகள் 221 இறக்கினார்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி உயரம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த கைசன் இங்கே சில புள்ளிகள், அவ்வளவுதான். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். வரிசையாக நின்ற பிறகுதான் ஒரு கோடாகத் தெரிகிறது.

மகளுக்குப் பிடித்தது வேறு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலையைச் சிவப்பாகக் காட்டும் படத்தில் மெக்ரிட்சிக் காடு இரத்தச் சிவப்பு. இலை அந்த அலையை நிறையவே திருப்பி அனுப்புவதால் அந்த நிறம். எங்கள் பேட்டையில் இரண்டு பந்து மைதானங்கள். நேரில் பார்த்தால் இரண்டும் பச்சை. படத்தில் ஒன்று மட்டும் சிவக்கவில்லை. "அப்பா, அது பிளாஸ்டிக் புல்!" என்று கத்தினாள். எந்தப் பாடநூலும் இப்படி மண்டையில் ஏற்றியிருக்காது.

இனி மேகம். நம் ஊர் வானத்தைத் தெரியாதா? செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்தாலும் பாதிப் படம் பஞ்சு மூட்டை. டிசம்பரில் தேடவே வேண்டாம், பிப்ரவரிக்குப் போங்கள். மேக அளவைக் குறைக்கும் பட்டையையும் நகர்த்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், ரேடார் கொண்ட சென்டினல்-1ஐ விட்டுவிடாதீர்கள். அது தானே ரேடியோ அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பிடிப்பதால் மேகமும் இருட்டும் அதற்குப் பொருட்டில்லை. அமைதியான கடல் அந்த ரேடியோ அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், அதனால் படத்தில் கடல் கறுப்பு. இரும்புக் கப்பல்கள் மட்டும் உப்பைத் தூவியதுபோல வெள்ளையாக மின்னுகின்றன. நங்கூரமிட்டவற்றை எண்ணத் தொடங்கி, எண்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

கைப்பேசியில் வேண்டாம், கணினியில் திறந்து பாருங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக் சென்டினல்-2 படத்தில் பத்துப் புள்ளி நீளம் வருகிறது. அதில் நம் வீடு எது என்று மகள் கேட்கிறாள். சரி, அதற்கு இது ஆகாது.