ஷவர் தட்டைச் சுற்றி சிலிக்கான் மாற்றி ஒன்றரை வருஷம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில், ஏறி நின்று குளிக்கிற அக்ரிலிக் ஷவர் தட்டு இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்த அத்தான் ஆசைப்பட்டு வைத்தது. தட்டும் சுவர் டைல்ஸும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் அடைத்திருந்த, ரப்பர் மாதிரி இறுகும் சிலிக்கான் பசை நாளாவட்டத்தில் கறுத்து ஓரம் தூக்கிவிட்டது. நகத்தால் இழுத்தால் நாடா மாதிரி வந்தது. கீழே அடுக்களைச் சீலிங்கில் ஓதம் ஏறி பெயிண்ட் பொரிந்து உதிர்ந்த பிறகுதான் இது சும்மா விடுகிற காரியம் இல்லை என்று புரிந்தது.

முதலில் கொத்தனார் ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்தார். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஆள் ஏறி நின்றால் தட்டு மயிரிழை அளவு இறங்கும், ஆள் விலகியதும் எழும்பும். சிமெண்ட் அதோடு சேர்ந்து நெளியாது, விரிசல்தான் விடும். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, தை மாதத்தில் நானே சிலிக்கான் வாங்கிப் பழையதன் மேலேயே பூசினேன். வீடே ஈரம் காயாமல் கிடந்த நேரம். மாசி முடிவதற்குள் உரிந்து வந்துவிட்டது.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சிதான் சொன்னார்: “தம்பி, பழசை ஒரு பொட்டு விடாம சொரண்டி எடுத்துட்டுப் பூசுங்க. இல்லேன்னா அங்ஙன இருந்தேதான் கழலும்.” அது உண்மை. காய்ந்த சிலிக்கான்மேல் புது சிலிக்கான் பிடிக்காது.

அதனால் 2024 கத்திரி வெயிலில் மறுபடி இறங்கினேன். பூசுவதற்கு அரை மணி நேரம், சுரண்டுவதற்கு ஒரு பகல் முழுக்க. பிளேடை டைல்ஸ் பக்கம் மட்டும் வைத்தேன். அக்ரிலிக் கீறிவிடும் என்பதால் அந்தப் பக்கம் பிளாஸ்டிக் சுரண்டிதான். சிலிக்கானுக்கு அடியில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாக ஓடு கட்டி இருந்தது. அதையும் பெயர்த்து, ஸ்பிரிட் துணியால் துடைத்து, இரண்டு நாள் அந்தக் குளியலறைப் பக்கமே யாரையும் விடவில்லை.

பூஞ்சை பிடிக்காத மருந்து கலந்த சானிட்டரி வகையாக, வினிகர் வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கானாகப் பார்த்து வாங்கினேன். வாடை அடிக்கும் வகை மார்பிளையும் கடப்பாக் கல்லையும் அரிக்கும். எங்கள் வாசற்படி கடப்பா.

பூசுவதற்கு முன் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துத் தட்டில் வைத்தேன். பாரத்தில் தட்டு இறங்கி இடைவெளி விரிந்து நிற்கும்போதே சிலிக்கான் உட்கார வேண்டும். இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொரு பக்கமாகப் பூசி, விரலால் ஒரே இழுப்பு, உடனே டேப்பை உரித்தேன். கொஞ்சம் தாமதித்தாலும் மேலே ஆடை கட்டி, டேப்போடு பிய்ந்து வரும். வாளிகளை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தேன்.

இன்று வரை எங்கும் ஓரம் தூக்கவில்லை. இந்த ஐப்பசி மழையிலும் அடுக்களைச் சீலிங் காய்ந்தே இருக்கிறது. புதுப் பெயிண்ட் அடித்ததைப் பார்த்து அம்மாவுக்கு நிம்மதி. சோப்பு ஸ்டாண்டுக்குக் கீழே மட்டும் மிளகு தூவினது போல் கறுப்புப் புள்ளிகள். சோப்புத் தண்ணீர் எப்போதும் தேங்குகிற மூலை அது, துடைத்தாலும் போகவில்லை. வருகிற சித்திரையில் அந்தப் பக்கம் முழுவதையும் அறுத்தெடுத்துவிட்டுப் பூச வேண்டும். மிச்சம் வைத்த ட்யூப் உள்ளேயே இறுகிவிட்டது, புதிதுதான் வாங்கணும்.