இம்பிளான்ட் பல்: யாருக்குத் தேறும், யாருக்குத் தேறாது

பல் போன இடத்தில் வைக்கும் இம்பிளான்டைப் பல் டாக்டரின் பலகையில் ‘நிரந்தரப் பல்’ என்று எழுதியிருந்தாலும், நாம் காசு கொடுத்து வாங்குவது மூன்று உருப்படி: எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் ஸ்குரூ, கேப்பைத் தாங்க அதன்மேல் நிற்கும் அபட்மென்ட், கடிப்பதற்கான கேப். சொன்ன விலை மூன்றுக்கும் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். ஸ்குரூ விலையைச் சொல்லி உட்காரவைத்துவிட்டு, கேப்புக்குத் தனி பில் போடும் இடங்கள் உண்டு.

கீழ்க் கடைவாயின் முதல் பல்லையே எடுத்துக்கொள்வோம். ஆறு வயதிலேயே முளைப்பதால் பால் பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விடப்படும் பல் அது. அது போன இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பற்கள் சொத்தை இல்லாமல் முழுசாக இருந்தால் இம்பிளான்ட்தான் சரி. பிரிட்ஜ் என்பது பக்கத்துப் பற்கள் இரண்டிலும் கேப் மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்கவைப்பது; அதைப் போட அந்த நல்ல பற்கள் இரண்டையும் சுற்றிலும் ராவ வேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. அந்த இரண்டுமே வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டியவை என்றால் பிரிட்ஜே போதும், காத்திருக்கும் மாதங்களும் மிச்சம். வேர் சிகிச்சையில் பிழைக்கக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் வைக்கலாம் என்றால், வேறொரு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

அடுத்தது எலும்பு. சாதாரண எக்ஸ்ரேயில் உயரம் தெரியும், அகலம் தெரியாது, அதற்குத் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் வேண்டும். கணக்கு எளிது. 4 மி.மீ. தடிமனுள்ள ஸ்குரூவுக்கு இரு பக்கமும் 1.5 மி.மீ. எலும்பு மிஞ்ச வேண்டும், ஆக 7 மி.மீ. அகலம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கும் ஸ்குரூ நுனிக்கும் குறைந்தது 2 மி.மீ. இடைவெளி. நரம்பில் பட்டால் அந்தப் பக்கத்துக் கீழுதடு மரத்துப்போகும், சிலருக்குத் திரும்புவதே இல்லை. பல் எடுத்து வருடக்கணக்கில் விட்டவர்களுக்கு எலும்பு கத்தி முனைபோல ஒடுங்கியிருக்கும்; அங்கே எலும்புப் பொடி வைக்காமல் ஆகாது.

எலும்பைத் துளைக்கும்போது சூடு 47 டிகிரியை எட்டி ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு செத்துப்போகும், ஸ்குரூ ஒட்டாது. அதனால்தான் உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே துளைக்கிறார்கள். சிகரெட்டும் கட்டுப்படாத சர்க்கரையும் இதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும். தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கு வைத்தால், மற்ற பற்கள் உயர்ந்துவரும், இது மட்டும் பள்ளத்தில் நிற்கும்.

கீழ்த்தாடையில் ஸ்குரூ ஒட்டச் சுமார் 3 மாதம், மேல்தாடையில் 4 முதல் 6 மாதம். ‘மூன்றே நாளில் பல்’ எல்லா வாய்க்கும் பொருந்தாது. ஒட்டுமுன் முழுக் கடி விழுந்து ஸ்குரூ அசைந்தால், சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும்.

கேப்பைச் சிமென்ட் வைத்து ஒட்டலாம், தனியாக ஒரு சின்ன ஸ்குரூ போட்டும் முடுக்கலாம். கடைவாயில் இரண்டாவது வழியே நல்லது. கேப்பின் நடுவில் பல் நிறத்தில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அதைத் திறந்து உள்ளே இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருகினால் கேப் முழுசாகக் கழன்றுவரும். சிமென்ட்டில் அந்த வசதி இல்லை. அதோடு ஈறுக்குள் வழிந்த சிமென்ட் துணுக்கு தங்கிவிட்டால் சீழ் பிடித்து எலும்பைக் கரைக்கும். பெரும்பாலும் வலியே இருக்காது. துலக்கும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் ரத்தம் வந்தால் உடனே போக வேண்டும்.

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெத்தைபோன்ற நார் இம்பிளான்ட்டுக்குக் கிடையாது. தூக்கத்தில் பல் நறநறப்பவர்கள் இரவில் பற்கள்மேல் மாட்டும் உறையான நைட் கார்டு போடாவிட்டால் கேப் சிதறலாம், அல்லது கேப்பைப் பிடிக்கும் சின்ன ஸ்குரூ தளரலாம்.

ஸ்குரூ வரும் டப்பாவில் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இருக்கும்: கம்பெனி பெயர், தடிமன், நீளம், லாட் எண். ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி உள்பாகமும் திருப்புளியும் மாறும். ஏழெட்டு வருடம் கழித்து வேறு ஊரில் கேப் ஆடினால், அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரைத்தான்.