கையெழுத்துப் போட்ட சினிமா படம் வாங்கப் போகிறீர்களா? 38,500 ரூபாய் போனவன் சொல்கிறேன்

38,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்று நாளாக என் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. நடிகர் கையெழுத்துப் போட்ட போட்டோ, போஸ்டர் என்று ஆன்லைனில் தேடுகிறவர் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

எனக்கு ‘பிளேட் ரன்னர்’ என்றால் உயிர். 1982-ல் வந்த ஹாலிவுட் படம். நான் பார்த்தது கல்லூரியில் படிக்கும்போது, பர்மா பஜாரில் வாங்கிய ஒரு விசிடியில். பாதி வசனம் புரியவில்லை. ஆனாலும் நாலே வருட ஆயுளோடு செய்யப்பட்ட ரெப்ளிகன்ட், அதாவது செயற்கை மனிதன் ராய், தன்னைக் கொல்ல வந்தவனையே கையைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றிவிட்டு, கொட்டுகிற மழையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே தலை சாய்கிற இடத்தில் அழுதுவிட்டேன். இன்றைக்குப் பார்த்தாலும் அழுகை வரும். ராயாக நடித்த ரட்கர் ஹாவர் நெதர்லாந்துக்காரர். அந்த இடத்துக்கு எழுதிக் கொடுத்த நீளமான வசனத்தை வெட்டிச் சுருக்கி, மழையில் கரையும் கண்ணீர் என்கிற வரியைத் தானே சேர்த்தவர். ஹாரிசன் ஃபோர்டுதான் கதாநாயகன், இருக்கட்டும். என்னைப் பொறுத்தவரை அது ஹாவருடைய படம்.

கதை நடப்பது 2019 நவம்பரில், லாஸ் ஏஞ்சலஸில். ராய் சாகிற வருடம் அது. ஹாவரும் நிஜமாகவே 2019-ல்தான் போனார், ஜூலை 19. செய்தி வந்த ராத்திரி தூங்காமல் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தவன் நான். அந்தத் தேதி எனக்கு மறக்காது.

போன மாதம், பழைய சாமான்களையும் சேகரிப்புப் பொருட்களையும் ஆளுக்கு ஆள் விற்கிற ஒரு ஆப்பில் அந்தக் காட்சியின் போட்டோ ஒன்று கண்ணில் பட்டது. 8-க்கு 10 அங்குலம். மழையில் நனைந்த ராய், கையில் புறா. கீழே ஓரத்தில் வெள்ளி நிற மார்க்கரில் ஹாவர் கையெழுத்து. விலை 42,000. ஒரு மணி நேரம் அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசல்தானா என்று கேட்டு மெசேஜ் போட்டேன். விற்கிறவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. “அண்ணே, நீங்க எந்த கட் பார்த்தீங்க?” என்று கேட்டான். ஒரே படத்தை வேறு வேறு மாதிரி வெட்டி வெளியிட்ட பதிப்புகளைத்தான் கட் என்பார்கள். சொன்னேன். “முதல்ல தியேட்டருக்கு வந்ததுல ஃபோர்டோட வாய்ஸ் ஓவர் எல்லாத்தையும் கெடுத்துருச்சுண்ணே. ஃபைனல் கட்தான். அதுல புறா பறக்கிறப்போ வானத்தைக் கவனிச்சீங்களா?”

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ராய் செத்ததும் அவன் கையிலிருந்த புறா மேலே பறக்கும். நடுராத்திரி, அடை மழை, ஆனால் பழைய பிரதிகளில் அது பறந்து போவது பளிச்சென்ற நீல வானத்துக்குள். 2007-ல் வந்த ஃபைனல் கட்டில்தான் அதை இருட்டு வானமாகத் திருத்தினார்கள். இருபது வருடத்தில் வீட்டிலோ ஆபீஸிலோ ஒரு ஆளிடம் இந்தப் புறாவைப் பற்றி நான் பேச முடிந்ததில்லை. இவன் தானாகவே பேசுகிறான். அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டரை வரை பேசினோம். அவன் அண்ணே என்றான், நான் தம்பி என்றேன். என் சந்தேகம் அங்கேயே முடிந்துவிட்டது. புறா பறந்த வானத்தைக் கவனித்தவன் என்னை ஏமாற்றுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள், “ஆப் வழியா போட்டா கமிஷன் பிடிச்சுருவாங்கண்ணே. உங்களுக்காக 38,500-க்குத் தரேன், நேரா யுபிஐல அனுப்பிருங்க” என்றான். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. முதலில் 20,000, அப்புறம் 18,500. சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு போட்டோ அனுப்பினான். தங்க நிற ஸ்டிக்கர் தெரிந்தது, கீழ்ப்பகுதி தெரியவில்லை. முழுதாக அனுப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் பார்சல் வந்தது. படத்துக்கு முன்னால் சர்டிஃபிகேட்தான் கையில் வந்தது. கெட்டியான தாள். நடிகர் எங்கள் கண் முன்னால் கையெழுத்திட்டார் என்று அச்சடித்து, கீழே லண்டன், 12 அக்டோபர் 2019.

அக்டோபர். அந்த மனிதர் இறந்து ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து.

படத்தை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்தேன். வெள்ளி மார்க்கர் மை என்றால் சாய்க்கும்போது பளபளக்க வேண்டும். இது எப்படித் திருப்பினாலும் செத்த சாம்பல் நிறம். தெருமுனை வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணில் வைத்துக்கொள்ளும் லென்ஸைக் கொடுத்தார். கையெழுத்தின் கோடு முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளி. பேனா கோட்டில் புள்ளி வராது. ராயின் முகமும் புறாவும் எப்படி அச்சாகியிருந்ததோ, கையெழுத்தும் அதே மாதிரிதான் அச்சாகியிருந்தது. அவரும் பார்த்துவிட்டு, “பிரிண்ட்தாங்க தம்பி. எவ்வளவு குடுத்தீங்க?” என்றார். 38,500 என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் கொதிக்கிறது. தேதியைக் காட்டிக் கேட்டதற்கு அவனுடைய முதல் பதில், “டைப்பிங் மிஸ்டேக்ணே, வேற சர்டிஃபிகேட் அனுப்பறேன்.” செத்தவர் கையெழுத்துக்கு வேறு சர்டிஃபிகேட்டாம்! புள்ளியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். “சப்ளையர் லண்டன்ல லீவுல இருக்கார்.” மறுநாள் கேட்டால், “மூணு வொர்க்கிங் டேஸ் சார்.” அண்ணே போய் சார் வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம், பார்சல் பிரிக்கும் வீடியோ எடுத்தீர்களா, இல்லையென்றால் ரிட்டர்ன் கிடையாது என்று ஒரு வரி. அதற்கப்புறம் பிளாக். புறாவைப் பற்றி நடுராத்திரி வரை பேசியவன்.

ஆப்பின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பணம் ஆப்புக்கு வெளியே போனதால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பதில், பெயர் மட்டும் மாற்றி இரண்டு தடவை அதே பதில். கணக்கையாவது முடக்குங்கள் என்றேன், பரிசீலிக்கிறோம் என்றார்கள். வங்கியில், பின் போட்டு அனுப்பியது நீங்கள்தானே சார் என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடித்துப் புகார் பதிவு செய்தேன், நம்பர் வந்திருக்கிறது. ஆனால் பணம் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. போன உடனே அடித்திருந்தால் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

பணம் ஒரு பக்கம். செத்துப்போன ஒருவர் பெயரை வைத்து, அவரை நேசிக்கிறவனிடமே விற்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இது புதிதும் இல்லை. 1990-களில் அமெரிக்காவில் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்று ஒரு விசாரணை நடத்திப் போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. பெரும்பாலும் விளையாட்டு வீரர்களின் கையெழுத்து. அந்தப் போலிகளோடும் சர்டிஃபிகேட் வந்தது. இதை நான் படித்ததே 38,500 போன பிறகுதான்.

நிதானமாக எல்லாம் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். சர்டிஃபிகேட்டை முழுசாகக் கேளுங்கள், தேதியையும் நடிகர் இறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். விற்கிறவனே அச்சடித்த சர்டிஃபிகேட் வெறும் காகிதம். படத்தை வெளிச்சத்தில் சாய்த்து வீடியோ கேளுங்கள். அதே கையெழுத்து வேறு படத்தில் அச்சு அசலாக இருக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள், ஒரு மனிதன் இரண்டு தடவை துளி மாறாமல் கையெழுத்துப் போட மாட்டான். ஏமாந்தால் அந்த நிமிடமே 1930.

நேற்று ராத்திரி என் நண்பர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அதே ஆப், வேறு பெயர். அதே ராய், அதே புறா, கையெழுத்தின் கடைசி இழுப்பு வரை அதே. இப்போது விலை 45,000. நாளைக் காலை என் படத்தையும் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகிறேன். அதற்குள் உங்களில் யாரிடமாவது அவன் எந்த கட் பார்த்தீர்கள் என்று கேட்டால் பணம் அனுப்பாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.