சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாத எடைக் குறைப்புச் சேவை: மோதிரம், சென்சார், கோச், என் மதிப்பீடு

சேர்ந்தவுடன் வந்த முதல் அறிவுரை, "இப்போதைக்குச் சாப்பாட்டைக் குறைக்கவோ மாத்தவோ வேண்டாம்" என்பது. எடையைக் குறைக்கப் பணம் கட்டியவர்களுக்கு இப்படி ஓர் ஆரம்பம் எரிச்சலைக் கிளப்பலாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் ஐசியூவில் நர்ஸ். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். எடையைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் எல்லாருமே குறைவாகச் சாப்பிடு, நிறைய நட என்றுதான் சொன்னார்கள். இரவு டியூட்டி முடித்து, பகலில் அரைகுறையாகத் தூங்கி எழுந்த உடம்புக்கு எப்படிப் பசிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே கோச் முதல் அழைப்பிலேயே கேட்டார்: "எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க என்பது இருக்கட்டும் மேடம், எத்தனை மணிக்குக் கட்டுப்பாடு விட்டுப்போகுது?"

பயோஹேக்கிங் (உடம்பை அளந்து பார்த்து மாற்றியமைப்பது) என்ற பெயரில் விற்கப்படும் இந்தச் சேவையில் ஐந்து பொருட்கள் வருகின்றன. தூக்கத்தையும் இதயத்துடிப்பையும் அளக்கும் மோதிரம், மேற்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சார், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளக்க வீட்டிலேயே எச்சில் மாதிரி எடுத்து அனுப்பும் கிட், எல்லாவற்றையும் காட்டும் ஆப், வாரம் ஒரு முறை கோச்சின் போன் அழைப்பு. இதே சேர்க்கையைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. அதனால் எந்தப் பகுதி உண்மையிலேயே வேலை செய்கிறது, எது வெறும் அலங்காரம் என்று பிரித்துச் சொல்வதுதான் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

கோச்சிங்தான் இதன் உயிர். முதல் கட்டத்தில் அவர்கள் கவனித்தது தூக்கத்தை மட்டுமே. இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கையறைக்குக் கெட்டியான திரை, டியூட்டியின் பிற்பாதியில் காபிக்குத் தடை, ஷிஃப்ட் எதுவானாலும் தூக்கத்தின் ஒரு பகுதியாவது தினமும் ஒரே நேரத்தில் வரும்படி ஓர் ஏற்பாடு. எல்லாம் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் மருத்துவமனை கொடுக்கும் ரோஸ்டரை (டியூட்டி அட்டவணையை) எதிரில் வைத்துக்கொண்டு, வாரா வாரம் என்னோடு உட்கார்ந்து யாரும் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்ததில்லை. தூக்கம் ஓரளவு சீரான பிறகுதான் தட்டுப் பக்கம் வந்தார்கள்.

இந்த வரிசை சரி என்று நான் நம்புவதற்கு ஆதாரம் இருக்கிறது. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எடை கூடுதலாக இருந்த 10 பேரை ஒரே அளவு குறைந்த கலோரி உணவில் வைத்து, 14 நாள் எட்டரை மணி நேரமும் இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க விட்டார்கள். எடை இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது கொழுப்பில் 1.4 கிலோ போனது. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். மீதி தசை உள்ளிட்ட மற்ற திசுக்களில் போனது. எடை மெஷினை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வெற்றியாகத் தெரியும். 2022-இல் இன்னொரு ஆய்வு. வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் 80 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதியினருக்குத் தூக்க நேரத்தை ஒரு மணிக்கு மேல் கூட்டுவதற்கு ஆலோசனை கொடுத்தார்கள். சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டே வாரத்தில் அவர்கள் உள்ளே போட்டது, மற்ற பாதியினரோடு ஒப்பிட்டால் நாளுக்குச் சராசரியாக 270 கலோரி குறைந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பசியை அடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பழைய அறிவுரை முழுக்கப் பொய் என்று இந்த சேவைக்காரர்கள் விளம்பரத்தில் சொல்வதை நான் ஏற்கவில்லை. செலவாவதைவிடக் குறைவாக உள்ளே போனால்தான் எடை குறையும். மன அழுத்தம் அந்தக் கணக்கை மாற்றிவிடாது. அந்தக் கணக்கில் உட்காரும் எண்களைத்தான் மாற்றுகிறது. எவ்வளவு பசிக்கிறது, எதைத் தேடுகிறது, எவ்வளவு அசைகிறோம், எப்போது கை தானாக டப்பாவைத் திறக்கிறது, எல்லாவற்றையும். 2001-இல் பெண்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. அழுத்தம் கொடுத்தபோது கார்டிசால் அதிகம் சுரந்தவர்கள், அந்த நாளில் மற்றவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். அழுத்தம் இல்லாத நாளில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இதைப் படித்தபோது என் வார்டு ஞாபகம் வந்தது. ஒரே டியூட்டியில் ஒருத்திக்கு வயிறு அடைத்துப்போகும், பக்கத்தில் இருப்பவளுக்குக் கை நிற்காது. இரண்டாமவளிடம் மனக்கட்டுப்பாடு இல்லை என்று பேசுவது நியாயமே கிடையாது.

வாரத்துக்கு இத்தனை கலோரி குறைத்தால் இத்தனை கிலோ என்ற கணக்குக்கு வயது அதிகம். 3,500 கலோரிக்கு ஒரு பவுண்டு என்ற அந்தச் சூத்திரம் 1958-இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் எழுதியதிலிருந்து பரவியது. உடம்பு இளைக்க இளைக்கச் செலவும் குறையும் என்பது அதில் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு ஆறு வருடம் கழித்துத் திரும்ப அளந்து 2016-இல் முடிவை வெளியிட்டது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஓய்வில் இருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரியோ, அவர்கள் உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாகவே இருந்தது. இதற்கும் முன்னால், 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் குறிப்புகளைப் படித்துச் சேர்த்து வைத்தார்கள். நாளெல்லாம் உணவைப் பற்றியே ஓடும் ஒரு மனதைப் பட்டினி தானாக உண்டாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. கோச் இதையெல்லாம் பெயர் சொல்லிப் பேசவில்லை. ஆனால் அவர் போட்ட திட்டம் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. கடைசிவரை மிதமான குறைப்புதான். புரதத்தைக் கூட்டச் சொன்னார், வாரத்தில் ஓரிரு முறை எடை தூக்கும் பயிற்சி சொன்னார். நைட் டியூட்டி வாரங்களில் எடை குறைப்பது நோக்கமே இல்லை, ஏறாமல் இருந்தால் போதும் என்றார். அந்த ஒரு சலுகைதான் என்னை இதில் நிலைக்க வைத்தது.

அடுத்து மூச்சுப் பயிற்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காசு செலவில்லாமல் கிடைத்த பெரிய பலன் இது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நாலு விநாடி மூக்கால் உள்ளே, ஆறு விநாடி வெளியே. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத்துடிப்பு இறங்கும், உள்ளே இழுக்கும்போது ஏறும். மெதுவாக மூச்சு விட்டால் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகும். மோதிரம் இதயத்துடிப்பு மாறுபாடு என்று காட்டுவது இந்த வகை ஏற்ற இறக்கத்தைத்தான். நான் செய்வது உடை மாற்றும் அறையில். ஸ்டீல் அலமாரியில் முதுகைச் சாய்த்து நிற்பேன், ஷூ கழற்றியிருக்கும், ஒரு கை வயிற்றின் மேல். ஆரம்பத்தில் ஒன்றும் நடக்காது. மூன்றாவது நிமிடம் போலத் தோள் இரண்டும் கீழே இறங்கும். அதுவரை அவை மேலே தூக்கிக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரியும். அதன் பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தால் நிதானமாகச் சாப்பிட முடிகிறது. ஒரு மோசமான கேஸ் முடிந்து நேராகப் போய்த் திறந்தால், எதைச் சாப்பிட்டேன் என்பதே நினைவிருக்காது. ஐந்து நிமிட மூச்சு கொழுப்பைக் கரைக்காது. யார் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். சாப்பாட்டுக்கும் பதற்றத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளியைத் தருகிறது, எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

மோதிரத்துக்குப் பாதி மார்க். தூங்கிய மொத்த நேரத்தை நன்றாகவே பிடிக்கிறது. தூக்கத்தின் நிலைகளைப் பிரித்துக் காட்டுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூளை அலையைப் பார்க்காமல் துடிப்பையும் அசைவையும் வைத்துப் போடும் மதிப்பீடு அது. மாறுபாட்டு எண்ணை அடுத்தவரோடு ஒப்பிடவே கூடாது. வயதுக்கு வயது, ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். உங்கள் எண்ணே பல வாரங்களில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுபவர்களுக்கும், இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் இந்த எண் நம்பத் தகுந்ததல்ல. ஆப்பில் இந்த எச்சரிக்கை எங்கோ அடியில், உதவிப் பக்கத்தில் கிடக்கிறது. முகப்பில் இருக்க வேண்டியது அது. காலையில் எழுந்ததும் "இன்று உங்கள் அழுத்த நிலை மோசம்" என்று சிவப்பில் காட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். நன்றாக இருந்த மனநிலையையே அது கெடுத்துவிடுகிறது. நான் அந்த அறிவிப்பை அணைத்துவிட்டு, வாரக் கடைசியில் மட்டும் பார்க்கிறேன்.

எடையைக் காட்டும் விதம் மட்டும் அருமை. தினசரி எண்ணை மறைத்துவிட்டு ஏழு நாள் சராசரியைக் கோடாகக் காட்டுகிறார்கள். உப்பு, மாதவிடாய், நைட் டியூட்டி என்று தண்ணீர் கோர்த்துக்கொண்டு ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம். அந்தக் கோட்டில் அது கரைந்துவிடுகிறது.

சர்க்கரை சென்சார் எனக்குத் தேவையில்லாத செலவு. நீரிழிவு உள்ளவர்களுக்கு, குறிப்பாக இன்சுலின் எடுப்பவர்களுக்கு, இது பெரிய வரம். என் நோயாளிகளிடமே பார்க்கிறேன். சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கு இதனால் எடை குறையும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. அதனால் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். சென்சார் இருக்கும் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தில் எண் பொய்யாகச் சரியும். பகல் தூக்கத்தின் நடுவில் "சர்க்கரை குறைவு" என்று அலாரம் அடித்து என்னை எழுப்பிவிட்டது. விரலில் குத்திப் பார்த்தால் சாதாரணமாக இருந்தது. தூக்கத்தைக் காப்பாற்ற வந்த சேவை தூக்கத்தைக் கலைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாப்பிட்ட பிறகு சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குவது உடம்பின் இயல்பு. ஒவ்வொரு ஏற்றத்தையும் ஆரஞ்சு நிறத்தில் காட்டினால், ஏற்கெனவே உணவுக்குப் பயப்படுபவர்கள் இன்னும் பயப்படுவார்கள். உணவுச் சிக்கல் வரலாறு உள்ளவர்கள் இந்தப் பொருளின் பக்கமே போக வேண்டாம்.

என் கடுமையான குறை கார்டிசால் கிட் மீது. கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. எழுந்து அரை மணி முதல் முக்கால் மணிக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கி, தூங்கும் முன் மிகக் குறைவாக இருக்கும். கிட் கேட்பதோ "காலை 8 மணி" மாதிரி. நைட் டியூட்டி வாரத்தில் காலை 8 மணி என்பது எனக்கு நாளின் முடிவு. எழுந்த நேரத்தைக் குறிக்கப் படிவத்தில் இடமே இல்லை. அந்த ஒரு மாதிரியை வைத்து "அட்ரினல் சோர்வு", அதாவது கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது, என்று அறிக்கை வந்தது. அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்கவில்லை. கார்டிசால் நிஜமாகவே கட்டுக்கடங்காமல் சுரக்கும் குஷிங் நோயை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்: வட்டமாக உப்பிய முகம், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், தொட்டால் கன்றிப்போகும் தோல், நாற்காலியிலிருந்து எழ முடியாத அளவு தொடைத் தசை பலவீனம். அதைக் கண்டுபிடிக்க 24 மணி நேரச் சிறுநீர், இரவு எச்சில், டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை என்று தனி வழி இருக்கிறது. இந்த அறிகுறிகள் இருந்தால் கிட் வாங்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். அறிக்கையின் அடியிலேயே கார்டிசாலைக் குறைக்கும் மூலிகை மாத்திரைக்கு ஒரு பொத்தானும் இருந்தது. அதில் இருந்த அஸ்வகந்தா கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன, தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் மனிதரிடம் அந்தப் பயத்தை வைத்தே மாத்திரை விற்பது தவறு. கோச்சிடம் இதை நேராகச் சொன்னேன். மாத்திரை விற்பனையில் தனக்குப் பங்கில்லை என்றார். நான் நம்புகிறேன். ஆனால் நிறுவனம் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

இன்னொன்றிலும் அவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. எடை குறைப்பு ஊசிகளைக் "குறுக்குவழி" என்று அவர்களின் வீடியோக்கள் இழிவாகப் பேசுகின்றன. அந்த ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைட் எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை குறைந்ததை 2021-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அந்த மருந்து முக்கியமாக வேலை செய்வது மூளையில், பசி உணர்வின் மேல். பசி என்பது உடம்பின் நிலை, குணத்தின் குறை கிடையாது என்று தூக்கத்தை வைத்துச் சொல்லும் ஒரு சேவை, அதே பசியை மருந்தால் தணிப்பவர்களை எப்படிக் குறை சொல்ல முடியும்?

பலன் என்று கேட்டால், எடை மெதுவாக ஐந்தாறு கிலோ இறங்கி அங்கேயே நிற்கிறது. பேன்ட் இடுப்பில் தளர்ந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: நைட் டியூட்டி வாரங்களில் எடை ஏறுவது நின்றுவிட்டது.

சந்தாவைப் புதுப்பித்தது கோச்சிங்குக்கு மட்டும். மோதிரம் கையில் இருக்கிறது, சென்சாரும் கிட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டும் தனித்தனியாகத் தானாகவே புதுப்பிக்கப்படும், அதனால் "பொருட்கள்" பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். கோச்சிடம் சொன்னால் மட்டும் போதாது. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் சேரும்போது முதல் அழைப்பிலேயே அடுத்த மாத ரோஸ்டரை அனுப்பிவிடுங்கள். கோச் திட்டம் போடுவது அதை வைத்துத்தான். நிறுவனத்துக்கு நான் எழுதி அனுப்பிய கோரிக்கையும் சின்னதுதான்: கார்டிசால் படிவத்தில் "எழுந்த நேரம்" என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும், அது வரும்வரை இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு அந்தக் கிட்டை விற்கக் கூடாது.