முதுநகர் மாலைநேர இல்லம்: ஓராண்டு அனுபவம்

கடலூர் முதுநகரில், பெற்றோர் சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை மாலைநேர இல்லம் ஒன்றை நடத்துகிறது. என் தங்கையின் பிள்ளைகள் இருவர் ஓராண்டாக அங்கே போய்வருகிறார்கள். இல்லத்தின் பெயரை எழுதினால் அங்கு வரும் பிள்ளைகள் எல்லோரையும் ஊர் அடையாளம் கண்டுகொள்ளும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

தங்கையின் கணவர் ஒரு வழக்கில் கைதாகி, கேப்பர் மலைச் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறார். தங்கை விடியுமுன் துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக விற்றுவிட்டு வருவதற்குள் இருட்டிவிடும். ஏழு வயதுப் பையன் மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கினான். பத்து வயதுப் பெண் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார்" என்று நாங்கள் சொல்லி வைத்திருந்தோம்.

இல்லத்தில் சேர்த்த முதல் வாரமே, அந்தப் பொய்யை நிறுத்த வேண்டும் என்றார்கள். நான் கடுமையாக எதிர்த்தேன். கடைசியில் தங்கையும் இல்லத்து அக்காவும் பிள்ளைகளை உட்காரவைத்து, அவர்களுக்குப் புரியும் அளவுக்கு உண்மையைச் சொன்னபோது, "எனக்குத் தெரியும்மா, வகுப்பில் சொன்னாங்க" என்றாள் பெண். அத்தனை மாதம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். இந்த ஒன்றுக்காகவே அந்த இல்லத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சுண்டல், வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாம் குறையில்லை. அவர்களுடைய உண்மையான அக்கறை மனு நாளில்தான் தெரியும். சிறைக்குப் போய்ப் பார்ப்பதை இங்கே மனு என்றுதான் சொல்வோம். நேரம் கொஞ்சம்தான், பக்கத்தில் நின்று பேசும் மற்றவர்களின் சத்தமும் அதிகம் என்பதால், பேச வேண்டியதை முந்தின நாளே நாற்பது பக்க நோட்டில் எழுதவைக்கிறார்கள். போன மாதம் பெண் எழுதியவை மூன்று வரிகள்: கணக்கில் 38 மதிப்பெண், தம்பிக்குப் பல் விழுந்தது, கோழி குஞ்சு பொரித்தது. திரும்பி வந்ததும் யாரும் எதையும் கேட்பதில்லை. சாப்பாடு போட்டு, விரும்பினால் தூங்க விடுகிறார்கள்.

சிறைக்குள் தாயுடன் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2006-இல், ஆர்.டி. உபாத்யாய் வழக்கில், விரிவாகவே பேசியது: ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம், பிள்ளையைக் கைதியாக நடத்தக் கூடாது, அங்கே பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் சிறையின் பெயர் வரக் கூடாது. வெளியே பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும் பிள்ளைகள்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு என்பதே இல்லத்தார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். விண்ணப்பத்தையும் அவர்களே நிரப்பித் தந்தார்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

ஒரு குறையை மறைக்க முடியாது. ஆண்டு விழாவுக்கு நன்கொடையாளர்கள் வரப்போகிறார்கள் என்று வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில், 'சிறைவாசிகளின் குழந்தைகள்' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே எங்கள் பையனின் முகம் இருந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. உண்மையைச் சொல்லக் கற்றுக்கொடுத்த இடமே அதைத் தெருவில் கட்டித் தொங்கவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை. சொன்ன அரை மணி நேரத்தில் கழற்றி, தங்கையிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஆனாலும் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள், படம் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டணம் கிடையாது. சேர்வதற்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். பையன் இப்போது படுக்கையை நனைப்பதில்லை. அடுத்த மனுவுக்குத் தனக்கும் ஒரு நோட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.