கிட்டுக்கு அடுத்த ஹாஷ்: ஷா-256, ஷா-3, பிளேக்2 மூன்றில் எது?

கிட் என்பது நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி. ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டை, அதாவது ஹாஷை, அது பெயராக வைக்கிறது. அதற்குப் பயன்பட்டுவந்த ஷா-1ஐக் கைவிட வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் சண்டை இல்லை, எதற்குப் போவது என்பதில்தான் சண்டை நடந்தது.

2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டார்கள். ஒன்றின் பின்னணி நீலம், மற்றதில் சிவப்பு, ஆனால் இரண்டுக்கும் ஷா-1 ஒன்றேதான். வெப்கிட் என்ற உலாவி எஞ்சினின் குழு, கிட் போன்ற இன்னொரு கருவியான சப்வெர்ஷனில் வைத்திருந்த ரெப்போவில் (கோப்புகளும் வரலாறும் இருக்கும் கிடங்கு) அவற்றைச் சோதனைக்காகப் போட்டதும் ரெப்போவே முடங்கியது. ஷா-1 ஒன்றென்றால் கோப்பும் ஒன்றுதான் என்று நம்பி ஒரே பிரதியை வைத்துக்கொண்டது சப்வெர்ஷன், அப்புறம் எம்டி5 என்ற இன்னொரு ஹாஷைப் பார்க்கும்போது கணக்கு உதைத்தது. கிட்டில் அதே கோப்புகளைப் போட்டால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் கிட் கோப்புக்கு முன்னால் 'பிளாப்' என்ற சொல்லையும் அளவையும் ஒட்டிய பிறகே ஹாஷ் எடுக்கிறது. இதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. முன்பகுதியை நாமே தேர்ந்தெடுத்து மோதல் (வேறுவேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் வருவது) உண்டாக்கலாம் என்று 2020இல் லூராண்ட், பெய்ரின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்தே காட்டினார்கள், அவர்களுக்கு ஆன செலவு சுமார் 75,000 டாலர்தான்.

சரி, மாற்றுகளுக்கு வருவோம். கிட் குழு பரிசீலித்தவை ஷா-256, ஷா-512/256, ஷா3-256, கங்காரு ட்வெல்வ், பிளேக்2. எல்லாமே 256 பிட்தான், அதனால் எதை எடுத்தாலும் கமிட்டின் (பதிவு செய்த ஒரு மாற்றத்தின்) பெயர் 40 எழுத்திலிருந்து 64 ஆக நீளும்.

வேகத்தை மட்டும் பார்த்தால் பிளேக்2 பக்கம் மனசு போகும். சாதாரண 64 பிட் ப்ராசஸரில் அது ஷா-256ஐத் தாண்டி ஓடுகிறது, ஷா-512/256கூட அங்கே ஷா-256ஐ முந்திவிடும். கெச்சக் என்ற வடிவமைப்பில் கட்டிய ஷா3-256 மென்பொருளில் மந்தம். அதே கெச்சக் அடிப்படையில் சுற்றுகளை 24லிருந்து 12 ஆகக் குறைத்த கங்காரு ட்வெல்வ் நல்ல வேகம். ஆனால் ஷா-256க்கென்றே தனிக் கட்டளைகள் இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் எல்லாவற்றிலும் வந்துவிட்டன, அவை இருக்கும் ப்ராசஸரில் இந்த வரிசையே மாறிவிடுகிறது. வேகத்தை வைத்து ஹாஷைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் காரணம் அடுத்த தலைமுறை சிப்பில் காணாமல் போய்விடும் என்பதுதான் என் கவலை.

ஷா-3க்கு உண்மையான பலம் அதன் உள்ளமைப்பு. ஷா-1, ஷா-2 இரண்டும் ஒரே குடும்பம், கெச்சக் முற்றிலும் வேறு வகை. கிட் போன்ற இன்னொரு கருவியான ஃபாசில் அதைத்தான் எடுத்தது, பிடிஎஃப் செய்தி வந்த சில வாரங்களிலேயே மாறியும்விட்டது. பழைய ஷா-1 பெயர்களை அப்படியே விட்டு, புதிதாக வருவதற்கு மட்டும் ஷா3-256 பெயர் வைத்து, இரண்டையும் ஒரே ரெப்போவில் வாழவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. ஷா-256இல் இருக்கும் நீள நீட்டிப்புத் தாக்குதலை (உள்ளடக்கம் தெரியாமலே, ஹாஷையும் நீளத்தையும் மட்டும் வைத்து, பின்னால் ஏதாவது சேர்த்ததன் ஹாஷைக் கணக்கிடுவது) சிலர் பெரிதாகச் சொல்வார்கள், கிட்டில் அளவு முன்னாலேயே எழுதப்படுவதால் அதற்கு இங்கே வேலை இல்லை.

2018இல் கிட் ஷா-256ஐத் தேர்ந்தெடுத்தது சரி என்றே சொல்வேன். 2001 முதல் ஊரே அடித்துப் பார்த்தும் நிற்கிறது, எந்தக் கிரிப்டோ லைப்ரரியைத் திறந்தாலும் இருக்கிறது, ஜாவா மொழியிலோ கோ (Go) மொழியிலோ கிட்டைத் தனியாக எழுதுகிறவர்கள் புதிதாக எதையும் கொண்டுவர வேண்டாம்.

குறை மாறும் விதத்தில்தான். 2020இல் 2.29 பதிப்பில் வந்த ஷா-256 ஆதரவிலிருந்து 'சோதனை நிலை' முத்திரை நீங்க 2023இன் 2.42 வரை ஆனது. ஒரு புது ரெப்போவை ஷா-256இல் தொடங்கி, பழைய ஷா-1 ரெப்போவில் இருப்பதை அதற்குள் இழுத்து (ஃபெட்ச் செய்து) பார்த்தேன். இந்தப் பக்கம் ஷா-256, அந்தப் பக்கம் ஷா-1, அல்காரிதம் பொருந்தவில்லை என்று ஒரே வரியில் நின்றுவிட்டது. பல வருட வரலாறு உள்ள ரெப்போவைக் கையில் வைத்திருப்பவர் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் ஷா-1க்கே திரும்பிவிடுவார்.