பட்சபாதமில்லாத தேவன், வரிசை பார்க்கும் சபை: ஒரு லெந்துகாலத் தியான நூலின் மதிப்புரை

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமான லெந்து நெருங்கும்போது நம் ஆலயங்களின் புத்தக மேசைகளில் சிறிய தியான நூல்கள் வந்துவிடும். பெரும்பாலானவை பாவம், மனந்திரும்புதல், சிலுவையின் ஏழு வார்த்தைகள் என்று பழகிய தடத்தில் செல்பவை. குறைசொல்ல ஏதுமில்லை, ஆனால் ஒன்றை வாசித்தவருக்கு இன்னொன்றை வாங்க வேண்டிய தேவையும் பெரிதாக இருப்பதில்லை. இந்த முறை கைக்கு வந்த 96 பக்க நூல் வேறு வகை. லெந்தின் முதல் நாளான சாம்பல் புதனில் தொடங்கி நாற்பது நாட்களுக்கும் ஒரே பொருளையே அது எடுத்துக்கொண்டிருக்கிறது: மனிதர் வகுத்துக்கொண்ட மேல், கீழ் என்ற கணக்கு தேவனிடத்தில் செல்லாது. விலை 80 ரூபாய். பதிப்பகம் சிறியது, அதன் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் சொல்லப்போகும் குறைகள் இந்த ஒரு பதிப்பகத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதபகுதி, ஒன்றரைப் பக்கத் தியானம், சிறு ஜெபம், கடைசியில் 'இன்று செய்ய' என்று ஒரு வரி. முதல் இரண்டு வாரங்கள் பழைய ஏற்பாடு, பிறகு சுவிசேஷங்கள், இறுதியில் நிருபங்கள். ஈசாயின் வீட்டில் சாமுவேல் நிற்கும் காட்சியோடு நூல் தொடங்குவது நல்ல தெரிவு. மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்ற வசனத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். இந்த ஆசிரியர் அதைத் தாண்டிச் சென்று, தீர்க்கதரிசி வந்திருக்கிறார் என்று வீடே கூடியிருக்கும்போது கடைசி மகன் தாவீதை ஆடு மேய்க்க விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளோடு பலிவிருந்துக்கு வந்த தகப்பனைக் கவனிக்கிறார். அவன் வரும்வரைக்கும் பந்தியில் உட்காரமாட்டேன் என்று சாமுவேல் சொன்னதையே அன்றைய தியானத்தின் நடுவில் வைத்திருக்கிறார். ராஜாவாகும் அபிஷேகத்தைவிட, வராதவனுக்காகப் பந்தி காத்திருந்ததுதான் அவருக்கு முக்கியமாகப் படுகிறது. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நூலின் மிகச் சிறந்த பகுதி ஆகாரைப் பற்றியது. ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் ஆபிராமும் அவர் மனைவி சாராயும் பேசும் இடங்களில் எல்லாம் அவள் 'அடிமைப்பெண்' மட்டுமே. அவர்கள் வாயில் ஒருமுறைகூட அவள் பெயர் வருவதில்லை. கர்ப்பிணியாக வனாந்தரத்துக்கு ஓடிப்போய், சூருக்குப் போகும் வழியில் நீரூற்றண்டையில் இருப்பவளை, கர்த்தருடைய தூதனானவர்தான் பெயர் சொல்லி அழைக்கிறார். எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்றும் கேட்கிறார். வேதாகமத்தில் தேவனுக்கு முதன்முதலில் ஒரு பெயரைச் சூட்டுவது ஒரு கோத்திரத் தலைவனும் அல்ல, ஆசாரியனும் அல்ல, இந்த எகிப்திய அடிமைப்பெண்தான்: நீர் என்னைக் காண்கிற தேவன். ஆசிரியர் இத்தனையையும் வசனத்துக்கு வசனம் நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறார். அவர்மேல் மதிப்பு கூடுவது இதற்குப் பிறகுதான். உன் நாச்சியாரிடத்துக்குத் திரும்பிப்போய் அடங்கியிரு என்று தூதன் சொல்லும் ஒன்பதாம் வசனத்தை இதுபோன்ற நூல்கள் வழக்கமாகத் தாண்டிப் போய்விடும். இவர் நின்று, 'இந்த வார்த்தை எனக்கு எளிதாக இல்லை' என்ற பொருளில் நான்கு வரி எழுதியிருக்கிறார். அடுத்து, 21ஆம் அதிகாரத்தில் அதே ஆகார் அந்த வீட்டிலிருந்து துரத்தப்படும்போது, தேவன் வீட்டுக்காரரோடு நின்றுவிடாமல் வனாந்தரத்துக்கும் போய்ப் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார் என்பதோடு முடிக்கிறார். வலிந்த சமாதானம் ஏதும் இல்லை. வாசிக்கிறவர் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தாலும் அந்தப் பக்கம் அவரிடம் நேராகப் பேசும்.

இதைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம், மற்றப் பல நாட்களில் நூல் அப்படிப் பேசுவதில்லை. 'ஏழைகளை நேசியுங்கள்', 'அவர்களும் தேவசாயலே', 'அவர்களை இழிவாக எண்ணாதீர்கள்' என்று, ஏழை எப்போதும் 'அவர்கள்' ஆகவே இருக்கிறார். வாசிப்பவர் எப்போதும் கொடுக்கிற இடத்தில் இருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் கூலிவேலை செய்பவரும், துப்புரவுப் பணியாளரும், கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவரும் உண்டு என்பதை நூல் அடிக்கடி மறந்துவிடுகிறது. அட்டைப்படமும் இதே கோளாறைக் கொண்டதுதான்: மேலிருந்து நீளும் சுத்தமான கை ஒன்று, கீழிருந்து ஏந்தும் சுருங்கிய கை ஒன்று. மேல், கீழ் இல்லை என்று சொல்லும் புத்தகத்துக்கு இதைவிடப் பொருந்தாத படம் கிடைப்பது கடினம்.

பெரிய சறுக்கல் விதவையின் காணிக்கையைப் பற்றிய நாளில் நேர்ந்திருக்கிறது. மாற்கு 12ஆம் அதிகாரத்தின் 41ஆம் வசனத்தில் தொடங்கி, ஐசுவரியவான்கள் தங்கள் பரிபூரணத்திலிருந்து போட்டதையும், இவளோ தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாவற்றையும் போட்டதையும் சொல்லி, 'நாம் எவ்வளவு கொடுக்கிறோம்?' என்ற கேள்வியோடு ஆசிரியர் முடித்துவிடுகிறார். நூலின் பொருளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அதற்கு நேர் மேலே, 38 முதல் 40 வரையுள்ள வசனங்களில், ஜெப ஆலயங்களில் முதன்மையான ஆசனங்களையும் விருந்துகளில் முதன்மையான இடங்களையும் விரும்பி, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசு சொல்லியிருக்கிறார். வீடு பட்சிக்கப்படுவதைப் பற்றிப் பேசிய வாய் மூடுவதற்குள், கையிலிருந்த கடைசி இரண்டு காசையும் பெட்டியில் போடும் விதவை வருகிறாள். சேர்த்து வாசித்தால், அவளைத் தேவன் காண்கிறார் என்பதோடு, அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களையும் அவர் காண்கிறார் என்பது விளங்கும். பிரித்து வாசித்தால் அது காணிக்கை உறைக்கான விளம்பரமாகிவிடும். இந்த நாளை வீட்டு ஜெபத்திலோ குழுவிலோ வாசிப்பவர்கள் மூன்று வசனம் முன்னாலிருந்து தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

நாகமானின் வீட்டுச் சிறுபெண், பர்திமேயுவை அதட்டிய கூட்டம், கொர்நேலியுவின் வாசலில் பேதுரு ஆகியவை சுமாராக, பிழையின்றி எழுதப்பட்டிருக்கின்றன. சகேயுவைச் சேர்த்தது நல்லது. பணம் இருந்தும் ஊரார் முகம் கொடுக்காத மனிதன் அவன் என்பதால், தாழ்வு என்பது வறுமையால் மட்டும் வருவதில்லை என்று காட்ட அது உதவுகிறது.

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்துக்கு வரும்போது என் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது, ஏனென்றால் இந்தப் பொருளில் புதிய ஏற்பாடு மிகவும் நேராகப் பேசும் இடம் அதுதான். பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, கந்தை உடுத்தவனை 'நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு' என்று சொல்கிற சபையை யாக்கோபு கண்டிக்கிறார். நூலோ, ஆடையைப் பார்த்து மனிதரை மதிக்காதீர்கள் என்ற பொது அறிவுரையோடு அடுத்த நாளுக்குப் போய்விடுகிறது. யாக்கோபின் கண்டிப்பு பணக்காரனை நோக்கியதும் அல்ல, ஏழையை நோக்கியதும் அல்ல. வாசலில் நின்று யார் எங்கே உட்கார வேண்டும் என்று கைகாட்டுகிறவரை நோக்கியது. அந்த ஆளை நூல் கண்டுகொள்ளவே இல்லை.

தமிழில் எழுதப்பட்ட ஒரு நூல் இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு நியாயம் இல்லை. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் ஆரம்பகாலச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் சாதிவாரியாக உட்காரும் இடங்கள் இருந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்று எழுதினார். அதை ஏற்காமல் சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். கத்தோலிக்கர் தரப்பில், திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்தின் கதை இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்டன் 1745இல் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றதும், பிறகு தாழ்த்தப்பட்டோரோடு கலந்து பழகியதற்காகவும் பகையைச் சம்பாதித்து 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டதும் பலர் அறிந்தது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கைகளாகப் பிரியும் கோயில், சாதிக்கு ஒரு கையாகக் கட்டப்பட்டது. இரு பக்கத்தாரையும் பிரித்த தடுப்பை நீக்கியபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. 2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் விடப்பட்டது. இந்தக் கதை ஒன்றைச் சொல்லியிருந்தாலே யாக்கோபின் வார்த்தை நம் ஊர் வாசலில் வந்து நின்றிருக்கும். கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச்சுவர் வைத்த ஊர்களும் நம்மிடம் உண்டு. செத்தவர்கள் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று கைகாட்டுவதற்கும் ஆள் இருந்திருக்கிறார்.

இந்த மௌனம் ஆசிரியருக்குத் தைரியம் இல்லாததால் அல்ல என்று நினைக்க இடமிருக்கிறது, ஏனென்றால் பிலேமோனைப் பற்றிய நாளில் அவர் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பவுல் எழுதுகிறார். அவன் பட்ட கடன் ஏதாவது இருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்கிறார். இந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல, அவன் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது என்பதை நூல் எடுத்துக்காட்டுகிறது: எஜமான் தனியறையில் வாசித்து மடித்து வைத்துவிட முடியாது, எல்லார் காதிலும் விழும். அன்றைய 'இன்று செய்ய' வரி இது: உங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் இருக்கிறதா என்று சமையலறையில் போய்ப் பாருங்கள். நாற்பது வரிகளில் இந்த ஒன்று போதும், கொடுத்த 80 ரூபாய்க்கு.

கொரிந்து சபையின் இராப்போஜனப் பந்தியைப் பற்றிய நாள் இதற்கு இணையாக வந்திருக்க வேண்டியது. முந்தி வந்தவர்கள் தின்று குடித்துவிட, பிந்தி வந்த எளியவர்கள் பசியோடிருந்த சபையைப் பவுல் கடிந்துகொள்வதை நூல் சரியாகவே விளக்குகிறது. ஆனால் நெல்லை, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளில் அசனம் என்ற ஒன்று நடக்கிறது. ஊரே அரிசியும் காய்கறியும் கொடுத்து, இரவெல்லாம் சமைத்து, எல்லாரும் வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றையும் ஒரே குழம்பையும் சாப்பிடுகிற பந்தி அது. பவுல் கேட்டதற்கு இவ்வளவு கிட்ட வரும் வழக்கம் நம்மிடமே இருக்க, அதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. அசனத்திலும் 'விசேஷ விருந்தாளிகளுக்கு' உள்ளறையில் தனி மேசை போடும் பழக்கம் சில இடங்களில் தலைகாட்டுவதைப் பற்றி எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

நூலின் அமைப்பில் ஒரு விசித்திரம். லெந்துகால நாற்பது நாட்களில் ஞாயிறுகள் சேராது என்ற மரபைப் பின்பற்றி, ஞாயிறுக்குத் தியானம் எழுதப்படவில்லை. மரபுப்படி சரிதான், ஆனால் யார் முன்னால், யார் பின்னால், யாரிடம் கைகுலுக்குவது, யாருக்குத் தலையசைப்போடு நிறுத்திக்கொள்வது என்பதெல்லாம் நடக்கும் நாள் ஞாயிறுதான். ஆறு ஞாயிறுக்கும் அரைப் பக்கம் வீதம் சேர்த்தால் நூலின் மதிப்பு கூடும்.

மொழிநடை தெளிவானது. வசனங்கள் வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்தே எடுக்கப்பட்டிருப்பதால் காதுக்குப் பழக்கமாக இருக்கின்றன. ஜெபங்கள்தான் ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன. பத்தாம் நாளுக்குப் பிறகு அவற்றை விட்டுவிட்டுச் சொந்தமாக ஜெபித்துக்கொள்வது உத்தமம். அச்சுப்பிழைகள் அங்கங்கே உண்டு, வசன எண் தவறிய இடமும் உண்டு. எழுத்து மிகச் சிறியது. சபைகளில் இதுபோன்ற நூல்களை விடாமல் வாசிப்பவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள் என்பது பதிப்பகத்தாருக்குத் தெரியாததல்ல. கம்பித் தையலும் உறுதியாக இல்லை. நடுப்பக்கங்கள் விரைவில் கழன்றுவிடும்போல் இருக்கிறது.

தனியாக வாசிப்பவர்களைவிட, ஆண்கள் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம் ஆகியவற்றில் சேர்ந்து வாசிப்பவர்களுக்கு இது அதிகம் பயன்படும். நூல் விட்டுவைத்த இடங்களை அங்கே பேச்சில் நிரப்பிக்கொள்ள முடியும். நேரமில்லாதவர்கள் ஆகார், ஈசாயின் வீடு, பிலேமோன் ஆகிய மூன்று நாட்களை மட்டுமாவது வாசிக்கலாம். அடுத்த பதிப்பு வருவதாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கி, யாக்கோபின் நாளைத் திரும்ப எழுதி, அந்த அட்டைப்படத்தை எடுத்துவிட வேண்டும். அதுவரை பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் கடையிலேயே ஒரு பக்கத்தை விரித்துக் காட்டி, எழுத்து தெரிகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.